கண்ணாடி லார்வாவில் வரி எண்ணும் வழி

கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிக்கும் மிதவை வலையைக் கழுவி வாளியில் ஊற்றியதும் விலாங்கு லார்வாவின் உடம்பைத் தேடாதீர்கள், அகப்படாது. கண்களைத் தேடுங்கள். இரண்டு கரும்புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் நகர்ந்தால் அங்கே ஒரு லெப்டோசெஃபாலஸ் இருக்கிறது, அதாவது விலாங்கு அல்லது அதன் உறவு மீனின் கண்ணாடிபோன்ற லார்வா. ஆரம்பத்தில் நான் ஒன்றை பிளாஸ்டிக் நாடா என்று நினைத்துக் குப்பைத் தட்டில் ஒதுக்கினேன். நாடா பின்பக்கமாகவே நெளிந்து நீந்தத் தொடங்கியதும்தான் விழித்துக்கொண்டேன்.

இடுக்கி வேண்டாம். உள்ளே பெரும்பாலும் நீர் கோத்த கூழ்தான், மடங்கினால் கெட்டது. கரண்டியால் தண்ணீரோடு அள்ளி பெட்ரி தட்டில் விடுங்கள். அடியில் கறுப்புத் தாள், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து. இப்போது இலைபோல் தட்டையான உடம்பு தெரியும். தலை மட்டும் சின்னது. முன்னோக்கி நீட்டிய ஊசிப்பற்களைப் பார்த்து வேட்டைக்காரன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடற்பனி எனப்படும் மிதக்கும் துகள்கள்தான் அதற்கு முக்கிய உணவு.

அப்புறம் வால். கவையாகப் பிரிந்திருந்தால் அது விலாங்கு அல்ல, டார்பன், போன்ஃபிஷ் என்ற உறவு மீன்கள் பக்கம் போங்கள். துடுப்பு வால்முனையைச் சுற்றி ஒரே ஓட்டமாக வந்தால் விலாங்கு வரிசை. வால் நூலாக இழைந்து நீண்டால் முள்விலாங்கு இனமாக இருக்கலாம். 1930-இல் டானா என்ற டென்மார்க் ஆய்வுக் கப்பல் பிடித்த சுமார் 1.8 மீட்டர் லார்வாவும் அந்தக் கூட்டம்தான். லார்வாவே இவ்வளவு என்றால் தாய் எவ்வளவோ என்று கடற்பாம்புக் கதை கட்டினார்கள். இந்த லார்வாக்கள் உருமாறும்போது நீளாமல் சுருங்கும் என்பதை மறந்துவிட்டார்கள்.

சரி, எந்த விலாங்கு இனம் என்று பிரிக்க உதவும் வரி எண்ணிக்கை. உடம்பின் இருபுறமும் அம்புமுனைபோல் மடிந்த தசைப்பட்டைகள் வரிசையாக நிற்கும், இவைதான் அந்த வரிகள். ஒரு பட்டைக்கு ஏறத்தாழ ஒரு முள்ளெலும்பு என்பதால், வளர்ந்தாலும் எண்ணிக்கை மாறாது. ஐரோப்பிய விலாங்குக்கு சராசரியாக 115-ஐ ஒட்டி வரும், அமெரிக்க விலாங்குக்கு 107-ஐ ஒட்டி. நுண்ணோக்கியில் நேராக எண்ணினால் எனக்கு ஐம்பதைத் தாண்டும்போது எங்கே இருந்தோம் என்பதே மறந்துவிடும். படம் எடுத்து, திரையில் பத்துக்கு ஒரு புள்ளி வைத்து, தலையிலிருந்து ஒருமுறை, வாலிலிருந்து ஒருமுறை எண்ணுங்கள். வால் நுனியில் வரிகள் மயிரிழையாக நெருங்கும், தவறு அங்கேதான் நடக்கும். 110, 111 என்று வந்தால் எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பெயர் எழுதாதீர்கள், இரண்டு இனங்களும் அங்கே கலந்து வரும்.

அதற்காகவே, எண்ணிப் படம் எடுத்தபின் ஒரு துணுக்குத் தசையை வெட்டி எத்தனாலில் போட்டுவிடுங்கள். மீதி உடம்பு ஃபார்மலினுக்கு. வரிசையை மாற்றினால் ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். உடம்பு பால்போல் வெளுத்து, நிறப்புள்ளிகளும் நாளடைவில் மங்கும், எனவே உயிரோடு எடுத்த படத்தை அழிக்காதீர்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடும்.