அலமாரிக்குள்ளிருந்து வந்த நெடி

மாடி அறையில் அலமாரி அடித்த நாளிலிருந்து என் மனைவிக்குக் கண் எரிச்சல், தலைவலி. பெயின்ட்தான் காரணம் என்று நினைத்து ஒரு வாரம் ஜன்னலைத் திறந்தே வைத்தோம். அறையில் நெடி குறைந்தது. அலமாரிக் கதவைத் திறந்தால் மட்டும் குப்பென்று அடித்தது. பார்ட்டிகிள் போர்டு! அதில் மரத்தூளைப் பலகையாக ஒட்டும் யூரியா பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற கண்ணை எரிக்கும் வாயு கசியும். வெப்பமும் ஈரப்பதமும் ஏறினால் இன்னும் கூடும். நாங்கள் அடித்ததோ சித்திரையில், கேட்கவா வேண்டும்.

"ஒரு மாசத்துல போயிடும் சார்" என்றார் ஆசாரி. போகவில்லை. கழற்றிவிட்டு ஸ்டீல் பீரோ வைத்தோம். கழற்ற முடியாத பரண் பலகையில், லேமினேட் ஒட்டாத பின்பக்கத்துக்கும் வெட்டிய ஓரங்களுக்கும் நெடி கசியாமலிருக்க அரக்கு பாலிஷ் மூன்று கோட். ஸ்பிரிட் வாடை அடங்கும்வரை அவள் அம்மா வீட்டில் இருந்தாள். சுவருக்கு வெறும் சுண்ணாம்பு. சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிறது, பரவாயில்லை. இப்போது அந்த அறையில்தான் தூங்குகிறாள்.