பத்திரத்தில் வரும் சொற்களைப் பொருள் அறிந்து வாசிப்பது எப்படி?

மனையோ வீடோ வாங்கும் பலர், பத்திரத்தில் தம் பெயரும் தொகையும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சார்பதிவாளர் முன் கையெழுத்திட்டு விடுகிறார்கள். மற்றவை ஆவண எழுத்தர் வழக்கமாக எழுதும் வாசகங்கள்தாமே என்பது அவர்கள் எண்ணம். ஆனால் எந்த உரிமை, எப்போது, யாருக்குப் போகிறது என்பதை அந்த வாசகங்களே தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டுப் பத்திரங்களை வாசிக்கும்போது எந்தச் சொற்களைத் தேட வேண்டும், அவற்றுக்கு என்ன பொருள் கொள்ள வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் தலைப்பைப் பாருங்கள். உடனே வினைச்சொல்லையும் பாருங்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, விலை கொடுத்தோ கொடுப்பதாக உறுதியளித்தோ சொத்தின் உரிமையை மாற்றிக்கொள்வது கிரயம். பின்னொரு நாளில் கிரயம் செய்துகொள்வதாக இருவரும் இசைவது கிரய ஒப்பந்தம். ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே "கிரயம் செய்து கொடுத்துச் சுவாதீனமும் ஒப்படைத்துவிட்டேன்" என்றிருந்தால் உரிமை மாறுகிறது. "கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்" என்றிருந்தால், முழுத் தொகையையும் கொடுத்திருந்தாலும், ஒப்பந்தத்தைப் பதிவே செய்திருந்தாலும், நீங்கள் இன்னும் உரிமையாளர் அல்லர். விற்பவர் மறுத்தால் வழக்குத் தொடுத்துக் கிரயம் பெறலாம். அதற்கான காலவரம்பு மூன்றே ஆண்டுகள்: ஒப்பந்தத்தில் கெடு குறித்திருந்தால் அந்த நாளிலிருந்தும், குறிக்காவிட்டால் விற்பவர் மறுத்தது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தும் அது கணக்காகும். "பதிவு ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று ஒப்பந்தத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுபவர்களை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன்.

பவர் பத்திரமும் இப்படித்தான். உரிமையாளருக்காகச் செயல்பட ஒருவருக்குத் தரும் அதிகாரமே அது. பவரும் ஒப்பந்தமும் உயிலும் சேர்த்து எழுதி வாங்குவதால் சொத்தின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாக்கியது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். எனவே பவர் பெற்ற முகவர் எழுதித் தரும் கிரயத்தை வாங்குபவர், பதிவு நாளில் உரிமையாளர் உயிரோடு இருக்கிறார், பவர் ரத்தாகவில்லை என்ற இரண்டையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்திகளை நிதானமாக வாசியுங்கள். கிரயத்தால் வந்திருந்தால் பெரும்பாலும் சிக்கல் குறைவு. விடுதலைப் பத்திரம் என்பது கூட்டு உரிமையாளர் ஒருவர் தம் பங்கை மற்றக் கூட்டு உரிமையாளருக்கு விட்டுக்கொடுப்பது. ஆகவே பங்கு உள்ள அனைவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று, மகள்களையும் சேர்த்து, வாரிசுச் சான்றோடு ஒப்பிட வேண்டும்.

விலை வாங்காமல், பெரும்பாலும் குடும்பத்தாருக்கு, சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்தில்தான் நுணுக்கம் அதிகம். "இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியமாய் அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்றால் உரிமை அன்றே மாறிவிட்டது. "உரிமை இன்றே உனக்கு, என் ஆயுள் வரை நான் அனுபவிப்பேன்" என்றால் எழுதிக் கொடுத்தவருக்கு ஆயுள் பாத்தியம் இருக்கிறது, அவர் காலத்தில் வாங்குபவர் அந்த அனுபவத்துக்கு உட்பட்டே வாங்குகிறார். "என் காலத்துக்குப் பிறகே நீ அடைய வேண்டியது" என்று மட்டும் இருந்து, இன்றைக்கு எதுவும் மாறவில்லை என்றால், தலைப்பில் செட்டில்மெண்ட் என்று எழுதியிருந்தாலும் நீதிமன்றம் அதை உயிலாகக் கொள்ளக்கூடும். உயிலை எழுதியவர் தம் வாழ்நாளில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மூன்று வாசகங்களும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கும் என்பதால், இந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை.

பழைய பத்திரங்களில் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்று வரும். பிள்ளை, பேரன் வழியாகத் தொடரவும், தானம் செய்யவும், விற்கவும் தகுந்த முழு உரிமை என்பது அதன் பொருள். இத்தொடர் இல்லாததாலேயே உரிமை குறையாது. அதற்குப் பதிலாக, அனுபவிக்கலாம் ஆனால் விற்கக் கூடாது என்பது போன்ற வரம்பு இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் மேலே போகக் கூடாது.

வில்லங்கம் என்ற சொல்லை மக்கள் தகராறு என்ற பொருளில் பேசுகிறார்கள். சட்டத்தில் அது சொத்தின் மேல் பிறருக்குள்ள அடமானம் போன்ற பாரத்தைக் குறிக்கும். வில்லங்கச் சான்று, நீங்கள் கேட்ட புல எண்ணுக்கு (சர்வே எண்), கேட்ட ஆண்டுகளுக்குள் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. பணம் வாங்கிக்கொண்டு வீட்டை அனுபவிக்க விடும் போக்கியத்தைப் பதிவில்லாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதியிருந்தால் அதுவும் வராது. நேரில் போய் வீட்டில் குடியிருப்பவரிடம் பேசினால்தான் அது தெரியவரும். மூலப் பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் பெறுவதும் அடமானமே என்பதால், நகலைப் பார்த்துத் திருப்தியடையாமல் விற்பவருக்கு உரிமை வந்த அசல் தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். பட்டா வருவாய்த்துறையின் ஆவணம். கிரயத்துக்குத் துணை நிற்கும், கிரயத்துக்கு ஈடாகாது.

கடைசியாகச் சொத்து விவரம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் அளவிலும், பத்திரத்தில் சென்ட் அல்லது சதுர அடியிலும் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைகளுக்கே முதன்மை தருகின்றன. ஆகவே வடக்கே யார் நிலம், கிழக்கே எந்தத் தெரு என்பதைப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தில் நின்றே சரிபாருங்கள். புல எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பிழைத்திருத்தல் பத்திரம் தேவைப்படும். அதற்கு விற்றவரே மறுபடி வந்து கையெழுத்திட வேண்டியிருக்கும்.