விடுதி அறையில் நீச்சலுடை காயப்போடுவோர் செய்யும் தவறுகள்

கடந்த மே மாத இறுதியில் கன்னியாகுமரியில் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். பக்கத்து அறைக்கு வந்திருந்த இளம் தம்பதியர், சொத்தவிளைக் கடலில் குளித்துவிட்டு வந்த கையோடு, நீர் சொட்டும் நீச்சலுடைகளைப் பால்கனிக் கம்பியில் விரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். 15 ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததும் அச்சு அசல் அதேதான். ஈரத் துணியைக் கட்டிலில் போடாதீர்கள் என்பது போன்ற, எல்லோருக்கும் தெரிந்தவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

உப்பைக் கழுவாமல் காயப்போடுவது

எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீராத தவறு இது. அன்று காலையில் திற்பரப்பு அருவியிலும் மாலையில் கடலிலும் குளித்தோம். மூத்த மகள் அலைக்குப் பயந்து கடலில் இறங்கவில்லை. அவளுடைய அருவி நனைத்த உடை மாலைவரை பையிலேயே கிடந்தது. இரவு, இருவர் உடைகளையும் ஒரே கயிற்றில் அடுத்தடுத்துத் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் மூத்தவளுடையது காகிதம் போல் உலர்ந்திருக்க, இளையவளுடையது தொட்டால் பிசுபிசுத்தது. துணியின் தரம் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, அதை 11 மணிவரை வெயிலில் போட்டு, விரலுக்கு உலர்ந்ததாகத் தோன்றியதும் பெட்டியில், மறுநாள் கல்யாணத்துக்கு என்று மனைவி மடித்து வைத்திருந்த பட்டுச்சேலையின் மேலேயே வைத்தேன்.

மார்த்தாண்டத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையில் அந்தப் பெட்டி இரவு முழுவதும் திறந்து கிடந்தது, வெளியே சாரல். விடிந்து எடுத்தபோது உடை மீண்டும் ஈரமாகி, அதன் நீலச் சாயம் சேலை முந்தியில் உள்ளங்கை அகலத்துக்கு இறங்கியிருந்தது. “உப்புத் துணி உணங்காது (காயாது) மக்கா” என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். சேலையின் விலை 14,000 ரூபாய்.

அம்மா சொன்னதன் காரணம் எளிது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கால் லிட்டர் நீரைக் குடித்த உடை உலரும்போது, நீர் போய்விட, 8 கிராமுக்கு மேல் உப்பு நூலிழைகளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் இந்த மாவட்டத்தின் கடற்கரையில், இரவுக் காற்றில் அந்த அளவு ஈரம் இருப்பது சாதாரணம். ஆகவே உப்பேறிய உடை பகலில் காய்ந்து, இரவில் தானாகவே நனையும்.

செய்ய வேண்டியது, உடையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, வாளி நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, நீரை மாற்றி இன்னொரு முறை அலசுவதுதான். லைனிங் மடிப்புகளில் சிக்கியிருக்கும் மணலும் அப்போதே அடியில் படிந்துவிடும். கடலோர விடுதிகள் சிலவற்றில் குழாய் நீரே கரிக்கும். வாயில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, கரித்தால் கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் குடிநீரைச் செலவழியுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். விடுதியின் நீச்சல் குளத்தில் குளித்தவர்களும் அலசத்தான் வேண்டும். அங்கே உப்புக்குப் பதில் குளோரின், அது நீச்சலுடைக்கு இழுபடும் தன்மையைத் தரும் ஸ்பாண்டெக்ஸ் இழையை மெல்ல மெல்ல இற்றுப்போகச் செய்யும்.

முறுக்கிப் பிழிவது

முறுக்கினால் உடையின் இழுபடும் தன்மை போய்விடும். நைலானும் பாலியெஸ்டரும் இழைக்குள் அதிக நீரை வாங்குவதில்லை. இழைகளுக்கு இடையில் நிற்கும் நீரை அழுத்தியே வெளியேற்றிவிடலாம். உடையைத் துண்டின் மேல் பரப்பி, பாய் போலச் சுருட்டி, சுருளின் மேல் முழங்காலை ஊன்றி ஒரு நிமிடம் அழுத்துங்கள். விரித்துப் பார்த்தால் துண்டு கனத்திருக்கும், உடை லேசாகியிருக்கும். சாயம் போகும் புது உடையென்றால் விடுதியின் வெள்ளைத் துண்டைத் தொடாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய துவர்த்துத் துண்டைப் பயன்படுத்துவது நல்லது. கறைக்குப் பணம் கேட்பார்கள்.

குளியலறையில் தொங்கவிடுவது

இருப்பதிலேயே ஈரமான இடம் அதுதான். ஏசியோ அறைக் காற்றின் ஈரத்தைக் குளிர்ந்த சுருளில் நீராக்கிக் குழாய் வழியே வெளியே விடுகிறது. ஆகவே ஏசி காற்று வீசும் திசையில், சுவரையும் மரச் சாமான்களையும் தொடாமல், ஹேங்கரில் தொங்கவிடுங்கள். ஆனால் பல விடுதிகளில் சாவி அட்டையை உருவியதும் மின்சாரம் நின்றுவிடும். காலையில் மாட்டிவிட்டு மாத்தூர் தொட்டிப்பாலம் பார்க்கப் போய்விட்டு, மாலையில் வந்து, “நாள் முழுக்க ஏசியில் கிடந்தும் காயவில்லையே” என்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படுக்கப் போகும் முன் மாட்டினால் இரவு முழுவதும் ஏசி ஓடும்.

கிளிப் இல்லாமல் பால்கனி

முப்பந்தலில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆனி, ஆடிக் காற்றில் இரண்டு கிளிப் போதாது, நான்கு போடுங்கள்.

இஸ்திரிப் பெட்டி

கூடவே கூடாது.

ஊர் திரும்பும் நாளில் குளிப்பது

அறையைக் காலி செய்ய இரண்டு மணி நேரமே இருக்கும்போது கடலில் இறங்கினால், எந்த வித்தையும் பலிக்காது. அப்படியும் குழந்தைகள் அடம்பிடித்தால், அலசி, துண்டில் சுருட்டி அழுத்தியபின், பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போடாமல் காய்ந்த துவர்த்தில் சுற்றிக் கைப்பையில் மேலாக வையுங்கள். ரயில் ஏறியதும் இருக்கைக்கு அருகிலுள்ள கொக்கியில் மாட்டிவிட்டால், மதுரை வருவதற்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும்.