கடல் எண்ணெய்க் கணிப்புகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'கடலில் புதிய எண்ணெய் வயல், நாளுக்கு ஒரு லட்சம் பீப்பாய் கிடைக்கும்' என்று செய்தி வரும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் மொத்த உற்பத்தி முன்பைவிடக் குறைந்திருக்கும். பொய் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றும். அப்படி இருக்க வேண்டியதில்லை. சொன்ன ஒரு லட்சமும் வந்திருக்கலாம். பழைய வயல்களில் அதைவிட அதிகம் வற்றியிருக்கலாம். வரவை மட்டும் எண்ணிவிட்டுச் சரிவை மறப்பதுதான் இந்தச் செய்திகளைப் படிக்கும்போது நாம் செய்கிற பெரிய தவறு. மற்றவையெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். நாளுக்கு 1,00,000 பீப்பாய் தரும் வயல் ஆண்டுக்கு 10% சரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஐந்து ஆண்டில் சுமார் 59,000, பத்து ஆண்டில் 35,000. முதல் ஆண்டில் இருந்த இடத்திலேயே நிற்பதற்கு மட்டும் 10,000 பீப்பாய் தரும் புதுக் கிணறுகள் வேண்டும். அந்தக் கிணறுகளும் சரியத்தான் செய்யும். இப்போது திட்டத்தில் 10% என்று போட்ட சரிவு நிஜத்தில் 13% ஆகிவிட்டால்? ஐந்தாம் ஆண்டில் கையில் இருப்பது 50,000தான். மூன்று சதவீதப் புள்ளிதானே என்று தோன்றிய வித்தியாசம் 9,000 பீப்பாயை விழுங்கிவிட்டது. இத்தனைக்கும் எந்த விபத்தும் நடக்கவில்லை, கிணறு துளைக்கும் எந்த ரிக்கும் தாமதமாகவில்லை.

எல்லா வயலுக்கும் ஒரே சரிவு விகிதத்தைப் போடுவதும் தவறு. சர்வதேச எரிசக்தி முகமை 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி, மத்தியக் கிழக்கின் நிலப்பரப்பில் உள்ள மிகப்பெரிய வயல்கள் ஆண்டுக்கு 2%க்கும் குறைவாகவே சரிகின்றன. ஐரோப்பாவின் சிறிய கடல் வயல்களில் அது 15%க்கும் மேல். கடலில் ஒவ்வொரு நாளும் செலவு அதிகம். போட்ட பணத்தைச் சீக்கிரம் எடுக்க, குறைந்த கிணறுகளில் வேகமாக உறிஞ்சுகிறார்கள். சீக்கிரம் ஏறுவது சீக்கிரம் இறங்குகிறது.

உச்சத்தில் இருக்கும் வயலைப் பார்த்து அதன் ஆயுளைக் கணிப்பவர்கள் மெக்சிகோவின் கான்டரெல் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. (கடலில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் பார்த்துச் சொன்ன மீனவரின் பெயரையே வயலுக்கு வைத்தார்கள்.) 2000இல் அங்கே நைட்ரஜனைச் செலுத்தி வயலின் நிலத்தடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். 2004இல் உற்பத்தி நாளுக்கு 21 லட்சம் பீப்பாயைத் தொட்டது. 2009இல் 7 லட்சத்துக்கும் கீழே. மேலே இருந்த வாயுப் பகுதி கீழிறங்கிக் கிணறுகளை எட்டியதும் எண்ணெய்க்குப் பதில் வாயு வரத் தொடங்கியது. அழுத்தம் கொடுப்பது பயனற்ற வேலை என்று சொல்லவரவில்லை. அது எண்ணெயை வேகமாக வெளியே கொண்டுவந்தது. அந்த வேகத்தையே வயலின் பலம் என்று நினைத்ததுதான் சிக்கல்.

அப்புறம், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையின் கொள்ளளவை உற்பத்தி என்று படிப்பது. 'நாளுக்கு 2 லட்சம் பீப்பாய் கையாளும் மிதவைக் கப்பல்' என்றால், அவ்வளவு வந்தால் அது தாங்கும் என்று மட்டுமே பொருள். வயதான கிணற்றில் வரும் திரவத்தில் தண்ணீரின் பங்கு ஏறிக்கொண்டே போகும்; அந்தப் பங்கை வாட்டர் கட் என்பார்கள். ஒரு கிணறு நாளுக்கு 10,000 பீப்பாய் திரவம் தருகிறது, அதில் தண்ணீர் 20% என்றால் எண்ணெய் 8,000. தண்ணீர் 80% ஆனால் எண்ணெய் 2,000. மேடையில் பம்பும் பிரிப்புத் தொட்டியும் முன்பு போலவே முழு மூச்சாக ஓடும், செலவும் குறையாது.

குறைவுக்கு ஒரே காரணம் தேடுவதும் வழக்கம். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில், ஆந்திரக் கடலில் உள்ள டி6 பகுதியில், எண்ணெயைவிட எரிவாயுதான் முக்கியம். 2006 திட்டம் நாளுக்கு 8 கோடி கனமீட்டர் என்றது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது, அடுத்த ஆண்டே 6 கோடியைத் தொட்டது, 2013 வாக்கில் 1.5 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. நிலவியல் எதிர்பார்த்தபடி இல்லை, தண்ணீரும் மணலும் புகுந்துவிட்டன என்றது அதை நடத்திய ரிலையன்ஸ் நிறுவனம். சொன்ன அளவுக்குக் கிணறு தோண்டவில்லை என்றது அரசு. வெளியிலிருந்து படிப்பவர் இதில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனின் வட கடல் வேறொரு பாடம். அங்கே உற்பத்தி உச்சம் தொட்டது 1999இல். 2012 வாக்கில் மேடைகள் தம்மால் முடிந்ததில் சுமார் 60% மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தன. பழுது, பராமரிப்பு, குழாய்த் தடை என்று மீதி போனது. பராமரிப்பைச் சீர்செய்ததும் அந்த விகிதம் சில ஆண்டுகளில் 70%ஐத் தாண்டியது. பூமிக்கு அடியில் எதுவும் மாறவில்லை.

கணிப்பை ஒரே எண்ணாகப் படிக்காமல், குறைந்தபட்சம், நடுத்தரம், அதிகபட்சம் மூன்றையும் கேளுங்கள். நடுத்தரக் கணிப்பு நேர்மையானதாக இருந்தால் ஏறக்குறைய பாதி வயல்கள் அதைத் தாண்ட வேண்டும். நார்வேயின் கடல் வயல்களை வைத்து 2020இல் வந்த ஓர் ஆய்வு, தொடக்க ஆண்டுகளுக்கான கணிப்புகள் வாடிக்கையாக அதிகமாகவே இருந்தன என்று காட்டியது. முதலீட்டு அனுமதி வாங்குவதற்காகப் போடும் எண்ணில் நம்பிக்கை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. பூமிக்கடியில் இருக்கும் மொத்த எண்ணெயை எடுக்கக்கூடியது என்று நினைக்காதீர்கள்; உலகச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்தால் பெரிய விஷயம். 'எண்ணெய்ச் சமானம்' என்ற அலகில் எரிவாயுவும் சேர்ந்திருக்கும், அதனால் எண்ணெய் குறைந்தும் மொத்தம் ஏறியதாகத் தெரியலாம். பராமரிப்புக்காக மேடையை மூடிய மாதத்தை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டுப் பதறவும் வேண்டாம். போன ஆண்டின் அதே மாதத்தை எடுங்கள், அப்போதும் மேடை மூடப்பட்டிருந்ததா என்று பாருங்கள்.