புளூகிராஸ் பதிவுகளைச் சேகரிக்கிறீர்களா? பாட்டின் பெயரை மட்டும் நம்பாதீர்கள்

அமெரிக்கக் கிராமிய இசையிலிருந்து 1940-களில் உருவான, பாஞ்சோ, பிடில், மாண்டலின் போன்ற தந்திக் கருவிகளால் வாசிக்கும் புளூகிராஸ் இசையைச் சேகரிக்க இறங்குபவர்கள் முதலில் சறுக்குவது தேடலில்தான். பாட்டின் பெயரையும் பாடகரின் பெயரையும் போட்டுத் தேடி, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இசையில் ஒரே ஆள் ஒரே பாட்டை வெவ்வேறு கம்பெனிகளுக்கு, வெவ்வேறு குழுவோடு, வெவ்வேறு நடையில் பதிவு செய்திருப்பது சர்வசாதாரணம். எப்போது பதிவானது, எங்கே பதிவானது, யார் யார் வாசித்தார்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் கையில் இருப்பது எது என்று சொல்ல முடியும்.

புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1946-ல் கொலம்பியாவுக்காக அவர் பதிவு செய்தது முழுக்க முழுக்க வால்ட்ஸ் நடை, மூன்று தட்டு. 1954-ல் எல்விஸ் பிரெஸ்லி அதை வேகமாகப் பாடி வெளியிட்டதும், மன்றோ அதே ஆண்டில் டெக்காவுக்காக மறுபடி பதிவு செய்தார். வால்ட்ஸாகத் தொடங்கி நடுவில் நாலு தட்டுக்குத் தாவும் வடிவம் அது. இரண்டுமே சேகரிக்க வேண்டியவை. ஒன்றை மற்றொன்று என்று நினைத்து வாங்குவதுதான் ஏமாற்றம்.

இதைவிட அதிகமாகக் குழப்புவது மன்றோ குழுவில் முன்பு இருந்த கிட்டார் கலைஞர் லெஸ்டர் ஃபிளாட், பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் இருவரின் 'ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன்'. மூலப்பதிவு 1949 டிசம்பரில் சின்சினாட்டியில் மெர்குரி கம்பெனிக்காகச் செய்தது. 1967-ல் வெளிவந்த 'பானி அண்ட் கிளைட்' படத்தில் ஒலிப்பதும் அதுதான். பின்னாளில் கொலம்பியாவிலும் இதையே மறுபடி வாசித்தார்கள். பல தொகுப்புகளில் இருப்பது அந்த மறுபதிவு. மூலத்தைக் காதாலேயே பிடிக்கலாம். ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ ஈ மைனர் கார்டுக்குப் போகும் இடத்தில் ஃபிளாட்டின் கிட்டார் ஈ மேஜர் கார்டு பிடித்திருக்கும். அந்த உரசல்தான் அந்தப் பதிவின் உயிர்.

அடுத்தது, வெளியான ஆண்டைப் பதிவான ஆண்டாக எடுத்துக்கொள்வது. ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் மன்றோவோடு இருந்து கொலம்பியாவுக்கு வாசித்தது 1946 செப்டம்பர், 1947 அக்டோபர் அமர்வுகளில், சிகாகோவில். 1948-ல் இருவரும் விலகிவிட்டார்கள். ஆனால் அந்த அமர்வுகளில் பதிவான பாட்டுகள் சில 1949-ல்தான் இசைத்தட்டாக வந்தன. இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. 1945 பிப்ரவரி அமர்வில் ஸ்க்ரக்ஸ் இல்லை. அக்கார்டியன் கேட்கும், பாஞ்சோ வாசிப்பது ஸ்ட்ரிங்பீன் என்ற வேறொரு கலைஞர். '1945–49 கொலம்பியா' என்ற தொகுப்பில் எல்லாமே ஸ்க்ரக்ஸின் மூவிரல் பாஞ்சோ பாணியில் இருக்கும் என்று எதிர்பார்த்தால் முதல் சில பாட்டுகளிலேயே திகைத்துப்போவீர்கள்.

இந்த விவரங்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 78 ஆர்.பி.எம். தட்டில் (நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டு) விற்பனை எண்ணை மட்டும் பார்க்காமல் மேட்ரிக்ஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். லேபிளிலோ, லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்திலோ இருக்கும். விற்பனை எண் தட்டுக்கு உரியது, மேட்ரிக்ஸ் எண் பதிவுக்கு உரியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் நடத்தும் இலவசத் தரவுத்தளத்தில் 78 காலப் பதிவுகள் ஏராளமானவற்றை அந்த எண்ணை வைத்தே தேடலாம். குறுந்தகடு என்றால் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி கம்பெனி வெளியிட்ட பெட்டித் தொகுப்புகள் நல்லவை. விலை அதிகம்தான். ஆனால் கூட வரும் நூலில் ஒவ்வொரு அமர்வின் தேதியும் வாசித்தவர்களின் பெயர்களும் இருக்கும்.

1960-களின் எல்.பி. (நீண்ட நேர இசைத்தட்டு) உறையில் 'மின்னணு முறையில் ஸ்டீரியோவாக்கப்பட்டது' என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். ஒற்றைத் தட ஒலியை வடிகட்டி, எதிரொலி சேர்த்து இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரே ஒலிவாங்கியை நோக்கி முன்னும் பின்னும் நகர்ந்தே ஒலியைச் சமன் செய்த குழுக்கள் இவை. அந்தச் சமநிலை இதில் சிதைந்துவிடுகிறது. அதே எல்.பி.யின் மோனோ (ஒற்றைத் தட) பதிப்பைத் தேடுங்கள்.

வேகமான பாஞ்சோ மட்டுமே புளூகிராஸ் என்று நினைத்தால் பாதியை இழப்பீர்கள். மன்றோவின் நால்வர் குரல் பக்திப் பாடல்களையும் ஸ்டான்லி சகோதரர்களின் மெதுவான பாட்டுகளையும் கேட்க வேண்டும். ஸ்டான்லிகளிடமும் கம்பெனி முக்கியம். 1949 முதல் 1952 வரையான கொலம்பியா பதிவுகளில் பீ வீ லாம்பர்ட்டின் உச்சக் குரல் சேரும் மூவர் பாட்டு. 1953-க்குப் பிறகு மெர்குரியில் இறுக்கமான, துடிப்பான குழு. 1958-க்குப் பின் கிங் கம்பெனியில் முன்னணிக் கிட்டார். மலிவுத் தொகுப்புகளில் பெரும்பாலும் கிங் காலம்தான் இருக்கும். அதை மட்டும் கேட்டு அவர்களை எடைபோடுவது அநியாயம்.

புதியவற்றைக் கண்டுபிடிக்கத் தரவரிசைப் பட்டியல்களைவிட வாசித்தவர் பெயர்களே நல்ல வழிகாட்டி. ரவுண்டர் கம்பெனியின் 0044 என்ற எண்ணாலேயே அறியப்படும், பாஞ்சோ கலைஞர் ஜே.டி. க்ரோவின் 1975 எல்.பி.யில் டோனி ரைஸ், ரிக்கி ஸ்காக்ஸ், ஜெர்ரி டக்ளஸ் மூவரும் இருக்கிறார்கள். ரைஸைப் பின்தொடர்ந்தால் 1979-ல் வந்த அவரது 'மன்சனிட்டா' எல்.பி. கிடைக்கும். ஸ்காக்ஸைப் பின்னோக்கித் தொடர்ந்தால் 1970-களின் தொடக்கத்து ரால்ஃப் ஸ்டான்லி (ஸ்டான்லி சகோதரர்களில் ஒருவர்) குழு.

78 தட்டு வாங்குபவர்கள் மூன்றைத் தவிர்க்க வேண்டும். அரக்குத் தட்டை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். மேற்பரப்பு கரைந்து போகும். காய்ச்சி வடித்த நீரில் ஒன்றிரண்டு சொட்டு மென்மையான பாத்திரச் சோப்பு போதும், லேபிள் நனையக் கூடாது. எல்.பி. ஊசியால் இசைக்காதீர்கள். அதன் முனை சுமார் 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78-க்கு வேண்டியது சுமார் 3 மில். சிறிய முனை பள்ளத்தின் அடியில் உரசி அழுக்கின் சத்தத்தைத்தான் எடுக்கும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஸ்டீரியோ என்றால் மோனோவுக்கு மாற்றியே கேளுங்கள். இரைச்சலில் கணிசமான பங்கு போய்விடும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள்.

ஸ்டூடியோ பதிவோடு நின்றுவிடுவதும் தவறு. பத்து அங்குல 78-ன் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் அடங்கும். மேடையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மன்றோவின் 1956–1969 மேடைப் பதிவுகளை ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்ற அமெரிக்க வெளியீட்டு நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. 1957-ல் ஃபோக்வேஸ் வெளியிட்ட மூவிரல் பாஞ்சோத் தொகுப்பும் இன்றுவரை விற்பனையில் உள்ளது. உறைக்குறிப்புகளை அவர்கள் இணையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். கோப்பாக வாங்கும்போது குறிப்பையும் இறக்கி அதே அடைவில் வையுங்கள். கோப்பின் ஆண்டுப் புலத்தில் மறுவெளியீட்டு ஆண்டுதான் பெரும்பாலும் இருக்கும்; அதை அழித்துப் பதிவான ஆண்டை எழுதுங்கள், கருத்துப் புலத்தில் ஊரையும் வாசித்தவர்கள் பெயரையும் சேருங்கள்.