லோயர் ஆர்ம் புஷ்: வீட்டில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் முன் சக்கரத்தைச் சட்டத்துடன் இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை வீட்டிலேயே மாற்ற முற்படுபவர்களில் பலர், பழைய புஷ் வெளியே வர மறுப்பதையே வேலையின் பெரும்பகுதி என்று எண்ணுகிறார்கள். சிரமம் அங்கேதான் மிகுதி என்பது உண்மையே. ஆனால் அரை நாள் அதனுடன் மல்லுக்கட்டிக் களைத்துப்போனவர் புதிய புஷ்ஷை அவசரமாகப் பொருத்தி முடுக்கும் கடைசிக் கட்டத்தில்தான், அதன் ஆயுளைப் பெருமளவு குறைத்துவிடும் பிழைகளைச் செய்கிறார்.

முதலில் புஷ்ஷின் அமைப்பை அறிந்துகொள்வது நல்லது. வெளியே ஓர் எஃகு வளையம், உள்ளே போல்ட் நுழையும் சிறிய எஃகுக் குழாய், இரண்டுக்கும் நடுவில் அவற்றோடு பிணைத்து வார்க்கப்பட்ட ரப்பர். வெளி வளையம் ஆர்மின் துளையைவிடச் சற்றே பெரிதாக இருப்பதால், அழுத்திச் செருகினால் மட்டுமே உள்ளே போகும். உள் குழாயைப் போல்ட் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது இவற்றில் எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. ரப்பர் முறுகி மீள்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு செய்தியை மறந்துவிடுவதே பின்வரும் தவறுகளில் பலவற்றுக்கு வேர்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டக்’ என்று ஒலி வந்தால் உடனே புஷ்ஷைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பியின் லிங்க் ராடு, ஆர்மின் வெளிமுனையைச் சக்கர மையத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் ஆகியவையும் ஏறத்தாழ அதே ஒலியைத் தரும். ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே நீண்ட லிவர் ஒன்றைக் கொடுத்து நெம்பிப் பார்க்கும்போது, ரப்பர் உள் குழாயிலிருந்து பிரிந்து இடைவெளி தெரிந்தால், அல்லது ஆர்ம் தடையின்றி முன்னும் பின்னும் நகர்ந்தால் மட்டுமே புஷ் போய்விட்டது என்று கொள்ளலாம். மேற்பரப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகள் வயதைக் காட்டுகின்றனவே தவிர, அவற்றை மட்டும் வைத்து மாற்ற வேண்டியதில்லை.

வண்டியைத் தூக்கி நிறுத்துவதில் சமரசத்துக்கு இடமே இல்லை. டிக்கியில் கிடக்கும் ஜாக்கி பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதற்காகத் தரப்பட்டது. புஷ் வேலையிலோ, நீண்ட கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் முழு பலத்தோடு இழுக்க நேரும். அந்த இழுப்பே வண்டியை ஜாக்கியிலிருந்து சரித்துவிடப் போதும். சமதளமான சிமெண்டுத் தரையில், பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உற்பத்தியாளர் குறித்துள்ள தாங்குமிடங்களில் ஸ்டாண்டுகளை நிறுத்தாமல் வண்டியின் அடியில் தலையை நீட்டக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்றாகா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

அடுத்து, அசைய மறுக்கும் போல்ட். கடற்கரையோர ஊர்களில் ஓடிய வண்டிகளிலும், மழைக்காலத்தில் தேங்கிய நீரில் அடிக்கடி இறங்கிய வண்டிகளிலும், போல்ட்டின் தண்டும் புஷ்ஷின் உள் குழாயும் துருவால் ஒன்றாகிவிடும். அப்போது போல்ட்டின் தலை திரும்புவதுபோல் தோன்றும். கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே மீளும். மரை கழலவில்லை, உள் குழாயும் சேர்ந்து சுழன்று ரப்பரைத்தான் முறுக்குகிறது என்பதற்கு இதுவே அடையாளம். இந்நிலையில் இன்னும் நீளமான குழாயைக் கைப்பிடியில் மாட்டி பலத்தைக் கூட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. போல்ட் முறிந்தால்கூடப் பரவாயில்லை. பல வண்டிகளில் எதிர்முனை நட்டு சட்டத்துக்குள்ளேயே வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். அந்த வெல்டிங் விட்டுப்போனால் நட்டும் சேர்ந்து சுற்றும். அதைப் பிடிக்கக் கைக்கு வழியிருக்காது, சட்டத்தில் ஓட்டை வெட்டித்தான் எட்ட வேண்டியிருக்கும். முந்தைய நாள் இரவே துருநீக்கி எண்ணெயை இரு முனைகளிலும் ஊறவிட்டு, மறுநாள் கால் சுற்று இறுக்கி, பிறகு அரைச் சுற்றுத் தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு, இப்படி முன்னும் பின்னுமாக நகர்த்துவது மெதுவான வழி என்றாலும் அதுவே மலிவான வழி. அதற்கும் மசியாவிட்டால், ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்தில் ரம்பத் தகடை நுழைத்துப் போல்ட்டின் தண்டையே இரு பக்கமும் அறுத்துவிட்டுப் புதிய போல்ட் வாங்குவது தோல்வி ஆகாது.

ஆர்மைக் கழற்றும்போது இரண்டு சேதங்கள் ஓசையின்றி நிகழும். பால் ஜாயிண்ட்டை, இரட்டைப் பல் கொண்ட ஆப்பு போன்ற கவைக்கோல் கொடுத்து அடித்துப் பிரித்தால் அதன் ரப்பர் உறை கிழியும். ஜாயிண்ட்டையும் சேர்த்து மாற்றப்போகிறவர் மட்டுமே அதைச் செய்யலாம். ஆர்ம் விடுபட்ட பின் சக்கர மையத்தை அப்படியே வெளிப்பக்கமாகச் சாய விட்டால், எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் இணைப்பு கழன்றுகொள்ளலாம். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் எடையைத் தாங்கி இழுபடும். ஒரு கயிற்றால் கட்டி நிறுத்தினால் போதும்.

இனி பழைய புஷ்ஷை வெளியேற்றுவது. சுத்தியலால் அடித்தால் ரப்பர் அதிர்வை விழுங்கிக்கொள்ளும், அடிபடுவது ஆர்ம்தான். தகட்டால் செய்த ஆர்மில் புஷ் அமரும் துளை வளையும், வார்ப்பு அலுமினிய ஆர்ம் விரிசல் விடும். கேஸ் அடுப்பிலோ டார்ச்சிலோ ரப்பரை எரித்து எடுக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. நச்சுப் புகையும் கரியும் ஒருபுறமிருக்க, அலுமினிய ஆர்மின் வலிமையை அந்த வெப்பம் நிலையாகவே குறைத்துவிடும் என்பதால் அதைக் கடைப்பிடிக்கக் கூடாது என்பதே என் கருத்து. ரப்பரைச் சுற்றித் துளையிட்டு உள் குழாயை எடுத்துவிட்டு, எஞ்சிய வெளி வளையத்தின் உட்புறமாக ரம்பத் தகடால் ஓர் அறுப்பு கொடுத்தால் அதன் இறுக்கம் தளரும். பிறகு உளியால் உள்நோக்கி மடக்கினால் வந்துவிடும். வளையத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆர்மின் துளைச் சுவரையும் கீறிவிடாதபடி, கடைசி அரை மில்லிமீட்டரில் நிதானம் தேவை.

போல்ட்டும் நட்டும் கொண்டு இழுத்து எடுக்கும் முறை இதைவிட நேர்த்தியானது. ஒரு பக்கம் புஷ்ஷின் வெளி வளையத்தைவிடச் சற்றுச் சிறிய பாக்ஸ் ஸ்பானர், மறுபக்கம் புஷ் நுழையுமளவு அகலமான குழாய்த் துண்டு, நடுவே நீண்ட மரைக் கம்பி. தவறு நேர்வது கம்பியின் தரத்தில். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண 4.8 வலிமைத் தரக் கம்பி 12 மி.மீ. தடிமனில் ஏறத்தாழ இரண்டே முக்கால் டன் இழுவிசையில் நீளத் தொடங்கும், 8.8 தரம் அதைப் போல் இரு மடங்கு தாங்கும். மரைக்குக் கிரீஸ் தடவாமல் முடுக்கினால் பாதி உழைப்பு உராய்விலேயே போகும். தகட்டு ஆர்மில் புஷ்ஷைத் தாங்கும் இரு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால், அங்கே அளவான துண்டு ஒன்றைத் தாங்கலாக வைக்காமல் இறுக்கக் கூடாது. சுவர்கள் ஒன்றையொன்று நோக்கி மடங்கிவிடும். இவ்வளவுக்கும் கருவி இல்லாதவர் ஆர்மைக் கையிலெடுத்துக்கொண்டு ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறைக்குப் போவதே நல்லது.

எடுப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. சில புஷ்களின் ரப்பரில் பிறை வடிவ இடைவெளிகள் இருக்கும். அந்தத் திசையில் மென்மையாகவும் குறுக்குத் திசையில் விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவை விடப்பட்டுள்ளன. பழைய புஷ் நின்ற கோணத்தை ஆர்மின் மேல் வண்ணக்கோடாக இழுத்து வைக்காமல் எடுத்துவிட்டால், புதியதைத் தோராயமாகத் திருப்பிச் செருக நேரும். அந்த வண்டி பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். காரணம் என்னவென்று யாருக்கும் பிடிபடாது.

புதியதைச் செருகும்போது வெளி வளையத்தின் விளிம்பில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். ரப்பரிலோ உள் குழாயிலோ அழுத்தினால் பிணைப்பு அப்போதே பிரியத் தொடங்கும். எஞ்சின் ஆயிலோ பொதுவான கிரீஸோ தடவுவது இயற்கை ரப்பரை ஊதச் செய்யும். சோப்புத் தண்ணீர் போதும். புஷ்ஷை இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்தால் தானாக நழுவி விழும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. 40 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 30 பாகை செல்சியஸிலிருந்து மைனஸ் 18 வரை குளிர்ந்தால் சுருங்குவது ஏறத்தாழ 0.02 மி.மீ. மட்டுமே. உதவிதான், ஆனால் அழுத்தத்துக்கு மாற்றாகாது. துளையின் உட்புறத் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பது அதைவிடப் பயன்தரும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான தவறு: சக்கரம் காற்றில் தொங்கும்போதே போல்ட்டை இறுதியாக முடுக்கிவிடுவது. ஆர்மின் நீளம் 350 மி.மீ. என்றும், தொங்கும்போது சக்கரம் 80 மி.மீ. கீழிறங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஆர்ம் ஏறத்தாழ 13 பாகை சாய்ந்திருக்கும். அந்த நிலையில் உள் குழாயை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் அந்த 13 பாகையும் முறுகியே நிற்கும். பிழிந்த துணியைப் பிடித்தபடியே வைத்திருப்பதைப் போல, வண்டி நின்றிருக்கும் நேரமெல்லாம் அந்த முறுக்கு தளராது. பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அதன் மேல் மேலும் முறுகும். புதிய புஷ் சில மாதங்களிலேயே கிழிந்துவிட்டது, மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள், தாங்கள் எந்நிலையில் முடுக்கினோம் என்பதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

இதற்கான வழி எளிது. வேலையைத் தொடங்கும் முன், வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். போல்ட்டை முதலில் கையாலேயே நான்கைந்து மரை ஏற்றி, சட்டத்து நட்டின் மரை குலையாதபடி பார்த்துக்கொண்டு, அளவாக மட்டும் முடுக்கி விட வேண்டும். பின்பு சக்கரத்தை மாட்டி, வண்டியைச் சாய்வுமேடையிலோ உறுதியான அகன்ற பலகைகளிலோ முழு எடையுடன் இறக்கி, குறித்த உயரம் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு, முடுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஆர்மின் அடியில் ஜாக்கி வைத்து உயர்த்தியும் செய்யலாம்; ஆனால் எடை குறைந்த வண்டிகளில் அந்த உயரம் வருமுன்பே வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பத் தொடங்கிவிடும் என்பதால் கவனம் வேண்டும். போல்ட் செங்குத்தாக நிற்கும் பின்பக்கப் புஷ்ஷுக்கு இந்த முறுக்குச் சிக்கல் குறைவு. பாலியூரித்தேன் புஷ்களில் உள் குழாய் தனியே சுழல்வதால் அவற்றுக்கும் இது பெரிதாகப் பொருந்தாது. ஆனால் உடன் தரப்படும் கிரீஸைத் தடவாமல் பொருத்தினால் அவை கிறீச்சிடும்.

வீல் அலைன்மெண்ட்டை இதற்கெல்லாம் பிறகே செய்ய வேண்டும். டயர் ஒருபக்கமாகத் தேய்கிறது என்று முதலில் அலைன்மெண்ட் செய்துவிட்டு அப்புறம் புஷ் மாற்றுகிறவர்கள், அதே வேலைக்கு இரண்டாவது முறையும் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.