சராசரி எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

வியாசர்பாடி, காசிமேடு பக்கம் வீடு வீடாகப் போய் சுகாதார சர்வே எடுக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எக்செல்லில் எண்ணாகத் தெரிவதெல்லாம் அளவு ஆகிவிடாது. ராயபுரத்தின் பின்கோடு 600013, வியாசர்பாடி 600039. சராசரி எடுத்தால் 600026. அது வடபழனி! பின்கோடு வெறும் அடையாளம்தான். ஆண் 1, பெண் 2 என்று போடுவதும், ரத்த வகையும் அப்படியே. எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது வரிசைத் தரவில், அதாவது குறைவு, அதிகம் என்று படிப்படியாக வரிசைப்படுத்தும் தரவில். காசநோய் சளிப் பரிசோதனைச் சீட்டில் 1+, 2+, 3+ என்று இருக்கும். 3+ என்றால் 1+ஐப் போல மூன்று மடங்கு கிருமி என்று எண்ணிவிடாதீர்கள். நுண்ணோக்கியில் 100 புலங்கள் (ஒரு புலம் என்றால் ஒரு பார்வையில் தெரியும் பகுதி) பார்த்து 10 முதல் 99 கிருமிகள் இருந்தால் 1+. ஒரு புலத்துக்கு 10க்கு மேல் என்ற கணக்கில் இருந்தால் 3+. பத்து மடங்கையும் தாண்டிவிடுகிறது பாருங்கள். படிகள் வரிசையாக ஏறுகின்றன, ஆனால் உயரம் சமமில்லை. சராசரி வேண்டாம், இடைநிலை (வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) எடுங்கள்.

வயது, எடை, சர்க்கரை எல்லாம் எண்ணாகவே எழுதுங்கள். முதல் சர்வேயில் நான் பிரஷருக்கு 'இயல்பு', 'அதிகம்' என்று டிக் மட்டும் அடித்தேன். 112ம் 138ம் ஒரே கட்டத்தில் விழுந்தன, பிறகு பிரிக்க வழியில்லை. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். 138/86 என்று சேர்த்து அடித்தால் எக்செல் அதை எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும்.